மலைப்பாதையும் திராட்சைப் பந்தலும்



பெங்களூரில் பணிபுரியும் எங்கள் மூத்த மகன் ஒருநாள் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். அவனுடைய அலுவலகக் குழுவினர் ஒருநாள் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்திருந்தனர். விடியற்காலையில் நந்தி மலை ஏறுவது; நண்பகலுக்குப் பின் அடிவாரத்திலுள்ள திராட்சை மது ஆலை ஒன்றைச் சுற்றிப் பார்ப்பது; இறுதியில் அங்கேயே அமர்ந்து வகை வகையாகச் சுவைத்துப் பார்ப்பது. "நான் குடிக்க மாட்டேன் அத்தா. ஆனால் கூடப் போகலாமா? அவர்களோடு உட்காரலாமா?" என்றான்.

எங்கள் தலைமுறைக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. காரியாபட்டியில் மதுக்கடை என்பது முகத்தைத் திருப்பிக்கொண்டு கடக்கும் இடம். அங்கே போகலாமா என்று எவரும் பெற்றோரிடம் கேட்டதில்லை. இன்று மது அழகான உடை உடுத்தி வருகிறது. மலைக்காற்று, பசுமை, தோட்டக்கலை அறிவு, வரலாறு ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டித் தரப்படுகிறது. நாசிக்கில் அஞ்சனேரி மலை ஏறுவோருக்கு மாலையில் மது ஆலை காட்டப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷில் மலைப்பாதையும் மதுச்சாலையும் அடுத்தடுத்தே இருக்கின்றன. படித்து, வேலைக்குச் சென்று, நல்ல நட்போடு பழகும் நம் பிள்ளைகள்தாம் இந்தக் கேள்வியை எதிர்கொள்கிறார்கள். ஆகவே இதை ஒரு வீட்டுக் கதையாக மட்டும் சொல்லாமல், நாங்கள் தேடித் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து எழுதுகிறோம்.

மகனிடம் நாங்கள் சொன்ன விடை எளியது. மலைக்குப் போ, ஆலைக்குப் போகாதே. அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்பியவர் மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பு திர்மிதியில் உள்ளது. அதில் குடிப்பது பற்றிய பேச்சில்லை; அமர்வதே தடுக்கப்படுகிறது. எனவே "நான் குடிக்கவில்லையே" என்பது இங்கே முழுமையான விடையாகாது.

அவன் அப்படியே செய்தான். மலையில் எல்லோருடனும் ஏறினான், திப்பு சுல்தானின் கோடை மாளிகையைப் பார்த்தான், ஒன்றாக உண்டான், பின் விடைபெற்றுச் சிக்கபள்ளாப்பூரிலிருந்து பேருந்தில் திரும்பினான். அன்றிரவு அவன் சொன்ன ஒன்று எங்கள் மனத்தில் தைத்தது. "மறுப்பது கடினமாக இல்லை. எல்லோரும் ஒரு வண்டியில் ஏறும்போது நான் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்ததுதான் கடினமாக இருந்தது."

வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பிள்ளைகளை நிறுத்திவைக்க இயலாது. ஆகுமானதை அதைவிட அழகாகக் காட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. மலையும் நமக்கு உண்டு; திராட்சையும் நமக்கு உண்டு. தை மாதத்தில் மகன் விடுப்பில் வந்தபோது, வீட்டார் அனைவருமாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டோம். மகளை மணமுடித்துக் கொடுத்த ஊர் உத்தமபாளையம். சம்மந்தி வீட்டுக்குச் சொந்தமாகத் திராட்சைத் தோட்டமும் இருக்கிறது.

மலையேற்றமும் ஒரு திக்ர்

எங்களூர் மானாவாரிப் பூமி. கரிசலில் பருத்தியும் சோளமும் மழையைப் பார்த்து விளைபவை. கண்மாய்களில் பெரும்பாலானவை ஆண்டின் பாதியில் வறண்டு சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பவை. திருமங்கலம், உசிலம்பட்டி கடந்து ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்கி, தேனி தாண்டிய பின் இரு பக்கமும் மலையும் நடுவில் வாய்க்கால் நீரும் தென்பட்டபோது இளையவர்கள் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டார்கள். அந்த நீர் 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வருவது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றைக் கிழக்கே திருப்பிய வேலை அது. கட்டிய பென்னி குயிக்கின் பெயரை அப்பகுதி மக்கள் இன்றும் தம் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறார்கள்.

மறுநாள் உத்தமபாளையத்தில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு, சுருளிப்பட்டியில் வண்டியை நிறுத்தி, சுருளி அருவியை நோக்கி நடந்தோம். இரு மருங்கும் திராட்சைப் பந்தல்கள், முன்னால் மேகமலை. அந்த மலைக்காடு 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. யானை நடமாட்டம் இருந்தாலோ வெள்ளம் பெருகினாலோ வனத்துறை வழியை மூடிவிடும். மூடினால் திரும்பிவிட வேண்டும், வாதாடக் கூடாது. இதே தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை நாற்பது மலையேற்றப் பாதைகளை முன்பதிவு முறையில், வழிகாட்டியுடன் திறந்திருக்கிறது. அடர்காட்டுக்குள் செல்ல விரும்பும் இளைஞர்கள் அந்த வழியில் செல்வதே நல்லது. உயிரைக் காப்பதும் மார்க்கக் கடமைதான்.

மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது தம் வழக்கமாக இருந்ததென்று ஜாபிர் (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. அன்று காலை அதை நாங்கள் செய்து பார்த்தோம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது "அல்லாஹு அக்பர்" என்பதும், இறக்கத்தில் கால் தானாக நகரும்போது "சுப்ஹானல்லாஹ்" என்பதும் உடலுக்கே பொருந்தி வருகின்றன. உயரத்தில் நிற்கும்போது மனிதனுக்குத் தன்னைப் பெரியவனாக எண்ணத் தோன்றும். அங்கே அல்லாஹ்வே பெரியவன் என்கிறோம். தாழ இறங்கும்போது அவன் எல்லாக் குறைகளிலிருந்தும் தூயவன் என்கிறோம். எங்கள் வீட்டு நன்னிக்கு மூட்டு வலி. பாதி வழியில் ஒரு கல்லில் அமர்ந்து, "நீங்கள் ஏறுங்கள், நான் இங்கிருந்து தஸ்பீஹ் ஓதுகிறேன்" என்றார்கள். பேரப்பிள்ளைகள் திரும்பி வரும்வரை ஓதிக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம் என்பதால் தொழுகையைச் சுருக்கும் சலுகை எங்களுக்கு இருந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அன்றிச் சேர்ப்பதில்லை. எங்கள் வீட்டார் ஹனஃபிகள். மருமகள் கீழக்கரையைச் சேர்ந்த ஷாஃபிஈ. ஒரே மரநிழலில் அவரவர் முறைப்படி தொழுதோம். இதற்காகச் சிறுவர்கள் கேட்ட கேள்விகளே ஒரு மத்ரஸா வகுப்புக்குச் சமம்.

பந்தலின் கீழே

பன்னீர் திராட்சை என்று நாம் வாங்கும் கறுநீலப் பழத்தின் பழைய பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கோ ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் அறுவடை நடக்கிறது. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் பழம் தொங்குகிறது. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை பழுக்கும்.

கல்தூண்கள் நட்டு, அவற்றின் மேல் கம்பியை வலையாகக் கட்டி, கொடியைப் பரப்பியிருக்கிறார்கள். உள்ளே குனிந்து நுழைந்தால் வெயில் பச்சையாக மாறிவிடுகிறது. தலைக்கு மேல் குலைகள். பழத்தின் மேல் வெண்சாம்பல் போன்ற ஒரு பூச்சு. மருந்து அடித்த பழம். கழுவாமல் வாயில் போடாதீர்கள் என்று சம்மந்தி முன்கூட்டியே எச்சரித்தார்.

அங்கே அமர்ந்து பிள்ளைகளுக்குத் தாயிஃபின் வரலாற்றைச் சொன்னோம். நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து மலைவழியே தாயிஃப் சென்றார்கள். ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) உடன் சென்றார். அவ்வூரார் செவிசாய்க்கவில்லை; சிறுவர்களையும் அடிமைகளையும் ஏவிக் கல்லால் அடித்து விரட்டினார்கள். பாதங்களில் குருதி வழிய அவர்கள் ஒதுங்கிய இடம் ரபீஆவின் மக்களான உத்பா, ஷைபா ஆகியோரின் திராட்சைத் தோட்டம். அவ்விருவரும் இஸ்லாத்தின் பகைவர்களே. எனினும் அந்த நிலையைக் கண்டு மனமிளகி, அத்தாஸ் என்ற கிறிஸ்தவப் பணியாளரிடம் ஒரு குலைத் திராட்சை கொடுத்தனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டதைக் கண்டு அத்தாஸ் வியந்தார். அவர் நீனவா ஊரைச் சேர்ந்தவர் என்றறிந்ததும் நபியவர்கள் யூனுஸ் (அலை) அவர்களை நினைவுகூர்ந்தார்கள்.

எங்கள் இளைய மகள் நெடுநேரம் குலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பழத்தையும் அவர்கள் கழுவித்தான் கொடுத்திருப்பார்களா அத்தா?" என்று கேட்டாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தாலும், அவள் அந்த நிகழ்வின் உள்ளேயே போய்விட்டாள் என்பது விளங்கியது.

திராட்சைக்கு மார்க்கத்தில் தனியிடம் உண்டு. சொர்க்கச் சோலைகளைச் சொல்லுமிடங்களில் குர்ஆன் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் பழங்களில் பேரீச்சைக்கும் திராட்சைக்கும் மட்டுமே ஜகாத் கடமை. ஹனஃபியில் நிலத்தின் எல்லா விளைச்சலுக்கும் உஷ்ர் உண்டு. மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. நபி (ஸல்) அவர்கள் உலர்திராட்சையை ஊறவைத்த நீரை அருந்தியிருக்கிறார்கள். மூன்றாம் நாளுக்கு மேல் வைத்திருந்ததில்லை. காடியை நல்ல குழம்பு என்று புகழ்ந்திருக்கிறார்கள். பழம், சாறு, ஊறல்நீர், உலர்பழம், காடி இவ்வளவும் ஆகுமானவை. சாற்றுக்கும் காடிக்கும் இடையே உள்ள ஒரே ஒரு நிலைதான் விலக்கப்பட்டது.

சம்மந்தியின் ஒரு போகம்

அன்று பகலுணவின்போது சம்மந்தி தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். முந்தைய போகத்தில் அறுவடைக்கு முன் விடாமல் மழை பெய்தது. பழங்கள் வெடித்தன, அடிச்சாம்பல் நோயும் வந்தது. சந்தை வியாபாரிகள் விலையைக் குறைத்துவிட்டார்கள். அப்போது ஒரு தரகர் வந்தார். மது ஆலைக்கு எடுப்பவர். வெடித்த பழமானாலும் பரவாயில்லை, பந்தலடியிலேயே எடை போட்டு ரொக்கமாகத் தருகிறேன் என்றார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் கொடுத்தார்கள். சம்மந்தி இரண்டு நாள் தவணை கேட்டு ஹஸ்ரத்திடம் போனார்.

இந்தப் பிரச்சினை புதிதன்று; பழைய ஃபிக்ஹ் நூல்களிலேயே இருக்கிறது. மது செய்பவர் என்று தெரிந்த ஒருவருக்குத் திராட்சைச் சாற்றை விற்பதில் குற்றமில்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. பாவம் அந்தச் சாற்றில் இல்லை, அது உருமாறிய பிறகே வருகிறது என்பது காரணம். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் அதை மக்ரூஹ் என்றார்கள். பாவத்துக்குத் துணை போவதாகும் என்பது அவர்கள் காரணம். ஷாஃபிஈ மத்ஹபில், மது செய்வார் என்று உறுதியாகத் தெரிந்தால் ஹராம். ஐயம் மட்டும் இருந்தால் மக்ரூஹ். மது விஷயத்தில் பிழிபவர், பிழியச் சொல்பவர், சுமப்பவர், விற்பவர், விலையை உண்பவர் எனப் பத்து வகையினர் சபிக்கப்பட்டதாக வரும் நபிமொழியும் அறிஞர்கள் முன் இருந்தது.

ஹஸ்ரத் இவையனைத்தையும் எடுத்துச் சொல்லி, "இமாமின் சொல்லைப் பிடித்து விற்றால் உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் உள்ளம் ஏற்கெனவே ஏதோ சொல்லியிருக்கிறது" என்றாராம்.

சம்மந்தி தரகரை அனுப்பிவிட்டார். வீட்டார் எல்லோரும் பந்தலடியில் அமர்ந்து வெடித்த பழத்தைக் கிள்ளி நீக்கி, நல்லதைக் கேரளச் சந்தைக்கும் மற்றதைப் பழச்சாறு செய்பவருக்கும் அனுப்பினார்கள். மருந்துச் செலவும் கவாத்துக் கூலியும் போக மிஞ்சியது சொற்பம். வங்கியில் அடகு வைத்த நகையை மீட்க மேலும் ஒரு போகம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அது எங்கள் மகளின் நகை. அவள் இதை எங்களிடம் ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை. அன்று சம்மந்தி சொல்லும்போதுகூட, எழுந்து போய் நன்னிக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எங்கள் மூத்த மகன் அதன்பின் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மச்சானைப் பார்த்து, "நான் ஒரு நாள் தனியாகப் பேருந்தில் வந்ததைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான்.

பக்கத்துத் தோட்டத்தார் மீது சம்மந்திக்கு எந்தக் கசப்பும் இல்லை. அவர்கள் வேறு நம்பிக்கையுடையவர்கள். அவர்களுக்கும் கடன் உண்டு. தம் முடிவைத் தம் வீட்டோடு வைத்துக்கொண்டார். அதையும் நாங்கள் பாடமாகவே கொண்டோம்.

பார்க்க மட்டும்தானே?

மாலையில் திரும்பும்போது வண்டி ஓட்டிய தம்பி, வழியில் மது ஆலை இருக்கிறது, பெரிய பெரிய எஃகுத் தொட்டிகளைப் பிள்ளைகள் பார்க்கட்டுமே என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். இளையவனுக்கு ஆசை. வேதியியல் பாடத்தில் நொதித்தல் படித்திருக்கிறான். "பார்க்க மட்டும்தானே?" என்றான்.

நியாயமான கேள்வி. ஆலையைப் பார்ப்பதும் சுவைக்கும் மேசையில் அமர்வதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இத்தகைய சுற்றுலா, மேசையில் முடிவதற்காகவே அமைக்கப்பட்டது. தொட்டியும் பீப்பாயும் அந்த மேசைக்கு இட்டுச் செல்லும் படிகள். கொடுக்கும் கட்டணத்தில் சுவைப்பதற்கான விலையும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். மதுவில் சில பயன்கள் உண்டு, ஆனால் அதன் தீமை பயனைவிடப் பெரிது என்ற கருத்தை அல்பகரா அத்தியாயம் சொல்கிறது. பயனே இல்லை என்று மார்க்கம் சொல்லவில்லை; எடை போட்டுப் பார்க்கச் சொல்கிறது.

அந்த எடைக்கு ஒரு சான்று கேப் நாட்டில் இருக்கிறது. 1659இல் டச்சுக்காரர்கள் அங்கே முதன்முதலாகத் திராட்சை மது பிழிந்தார்கள். அத்தோட்டங்களில் உழைத்த அடிமைகளில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களும் உண்டு. அங்கே உழைப்பவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக மதுவையே கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நீடித்தது. அதன் விளைவாக, தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாக உள்ள பகுதிகளில் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது. அழகிய மலையும் வெள்ளைச் சுவர் மாளிகைகளும் படத்தில் தெரியும். இந்தக் குழந்தைகள் தெரிய மாட்டார்கள். அதே கான்ஸ்டான்ஷியா தோட்டங்களின் ஓரத்தில், நாடு கடத்தப்பட்டு வந்த இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலமும் இருக்கிறது; கேப் முஸ்லிம்கள் அங்கே சென்று வருகிறார்கள். மது விளையும் மண்ணில் ஈமானோடு வாழ முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

இளையவனிடம் இதைச் சொன்னோம். நொதித்தலைப் பார்க்க ஆலை தேவையில்லை, நம்மூர்ப் பனைமரம் போதும் என்றும் சொன்னோம். பங்குனியில் அதைக் காட்டினோம். எங்கள் பகுதியில் பனையேறுபவர்கள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார்கள். விடியலில் இறக்கினால் பதநீர். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அதே பாளையின் அதே நீர் கள்ளாகிவிடும். நுண்ணுயிர்கள் இனிப்பைத் தின்று மதுவாக்குவதைச் சுண்ணாம்பின் காரம் தடுத்துவிடுகிறது. ஒரே மரம், ஒரே இரவு. இடையில் ஒரு விரல் சுண்ணாம்பு. அவன் கலயத்துக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடைப்பட்ட கோடு எவ்வளவு மெல்லியது என்று அதைவிடத் தெளிவாக எங்களால் விளக்கியிருக்க முடியாது.

பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும்

அலுவலகப் பயணம் என்றால் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே கேட்டறியுங்கள். மலையேற்றம், உணவு, விளையாட்டு ஆகியவற்றில் முழு மனத்தோடு கலந்துகொள்ளுங்கள். ஒதுங்கி நிற்பதையே அடையாளமாக்கிக்கொள்ளாதீர்கள். விலகும் இடத்தில் சிரித்த முகத்தோடு, ஒரே வரியில் காரணம் சொல்லி விலகுங்கள். பிறரைக் குற்றம் சாட்டும் சொல் வேண்டாம். திரும்பும் வண்டிக்கு முன்பே ஏற்பாடு செய்துகொண்டால் அந்த நேரத்துச் சங்கடம் பாதியாகும். முடிந்தால் அடுத்த பயணத்தை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். மலையும் தோட்டமும் பழச்சாறும் உள்ள ஒரு நாளை யாரும் வெறுக்க மாட்டார்கள்.

வணிகத்தில் இத்தகைய சிக்கல் உள்ளவர்கள் தம் ஊர் ஆலிமிடம் நேரில் விவரம் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் எழுதியிருப்பது ஃபத்வா அன்று. ஒரு குடும்பம் கண்டதும் கேட்டதும் மட்டுமே.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக வேண்டும் என்று சொல்லத்தக்க ஒன்றைத் தேடிக் கொடுங்கள். அல்லாஹ் விலக்கியவை சில, அனுமதித்தவை எண்ணற்றவை. அந்த எண்ணற்றவற்றை அவர்கள் நம்மோடு சேர்ந்து சுவைக்கட்டும்.

யா அல்லாஹ், ஆகுமானதைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்குவாயாக. நட்டம் வந்தாலும் உன் எல்லைக்குள் நிற்போரின் விளைச்சலில் பரக்கத் செய்வாயாக. தனியாக நடக்க நேரும் எங்கள் பிள்ளைகளுக்கு வழித்துணையாக இருப்பாயாக. ஆமீன்.